மறு: ‘சுற்றுலாத் தேவை’ சரியா? ‘கேட்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

கலைச்சொல் குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

பாலக்காட்டுத் தம்பி கேட்டிருந்தது இது:

> ‘டூரிசம் டிமாண்ட்’ (காசு கொடுத்துச் சுற்றுலா போக மக்கள் எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறார்கள் என்பது) என்பதைச் ‘சுற்றுலாத் தேவை’ என்றே எழுதிக்கொண்டு போகிறேன். மாணவர்களுக்குப் புரியுமா?

புரியும் தம்பி, ஆனால் வேறொன்றாகப் புரியும். உங்கள் கட்டுரை வரைவை அச்செடுத்துத் திண்ணையில் வைத்திருந்தேன். தேக்கடிக்கு ஜீப் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்துப் பார்த்தார். ‘நாடுகளின் சுற்றுலாத் தேவையைத் தீர்மானிக்கும் காரணிகள்’ என்ற தலைப்பைப் படித்துவிட்டு, “குமுளியில் முதல் தேவை கழிப்பறை, அப்புறம் வண்டி நிறுத்த இடம். அதை எழுதியிருக்கிறாரா?” என்றார். அவர் மேல் தப்பில்லை. தேவை என்றால் இல்லாமல் முடியாதது. அரிசிக்குத் தேவை என்றால் பொருந்துகிறது. சுற்றுலா அப்படியா? வருமானம் நூற்றுக்குப் பத்து கூடினால் வெளிநாட்டுப் பயணத்துக்கான செலவு பத்துக்கும் மேலே கூடும் என்றுதான் பல ஆய்வுகளிலும் வருகிறது. கையில் காசு சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். அதைப் போய்த் ‘தேவை’ என்பது எனக்கு உறுத்துகிறது.

டிமாண்டு, சப்ளை இரண்டுக்கும் தமிழ்நாட்டுப் பாடநூலில் தேவை, அளிப்பு. இலங்கைப் பாடநூலில் கேள்வி, நிரம்பல். இங்கே கேரளப் பள்ளியில் என் மகள் மலையாளத்தில் படிப்பது ‘சோதனம்’, ‘பிரதானம்’. அவள் முதல்முறை சோதனம் என்றபோது எனக்கு எல்லைச் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வந்தது. அது நமக்கு உதவாது.

கடைத்தெருவில் இருக்கிற சொல் ‘கிராக்கி’. நல்ல சொல், உயிருள்ள சொல். ஆனால் கிராக்கி என்றால் எப்போதும் மிகுதி. ‘குறைந்த கிராக்கி’ என்று எழுதினால் இடறுகிறது. சென்னைப் பேச்சில் அது ஆளையே குறிக்கும். கலைச்சொல்லுக்கு ஆகாது.

‘வரத்து’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். தக்காளி வரத்து, நீர் வரத்து, பயணிகள் வரத்து. அருமையான சொல்தான், ஆனால் அதை இதற்குச் செலவழித்துவிடாதீர்கள். வரத்து என்பது வந்து சேர்ந்த கணக்கு. நான் இரண்டு அறை வைத்து வெளிநாட்டுக்காரர்களைத் தங்க வைக்கிறேன். ஒவ்வொருவர் வந்ததும் கடவுச்சீட்டைப் பார்த்து 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையதளத்தில் படிவமாக ஏற்ற வேண்டும். அந்தப் படிவத்தில் விழுகிறவர் வரத்து. அறை இல்லை என்று நான் திருப்பி அனுப்பியவர், விசா கிடைக்காமல் ஊரிலேயே நின்றுபோனவர், இவர்களெல்லாம் எந்தப் படிவத்திலும் இல்லை. அவர்களையும் சேர்த்துச் சொல்லத்தானே நமக்கு ஒரு சொல் வேண்டும்? ஆய்வாளர்கள் வரத்தை எண்ணி அதையே டிமாண்டு என்று வைத்துக்கொள்வது, எண்ணுவதற்கு அது ஒன்றுதான் கையில் அகப்படுகிறது என்பதால்.

என் யோசனை ‘கேட்பு’. இது எங்கள் ஏலக்காயிலிருந்து வந்தது. வண்டன்மேடு பக்கம் புற்றடியிலும், கீழே இறங்கினால் போடியிலும் ஏலம் நடக்கிறது. இப்போது வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள், வாய் திறப்பதில்லை. ஆனாலும் வெளியே வந்து பேசும்போது “அவன் எவ்வளவு கேட்டான்?”, “சின்னக் காயைக் கேட்க ஆளில்லை” என்றுதான் சொல்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஏலத்தில் வெறுமனே கேட்க முடியாது. விலையோடுதான் கேட்க முடியும். மனமும் இருக்க வேண்டும், மடியில் பணமும் இருக்க வேண்டும். பொருளியல் சொல்வதும் அதையேதான். தேவைக்குள் விலை இல்லை, கேட்புக்குள் விலை இருக்கிறது. யாரும் சீண்டாத பொருளைக் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாம் சொல்வதும் இந்தக் கேட்டல்தான்.

சரி, சொல் தாங்குமா என்று தம்பியின் கட்டுரையிலேயே போட்டுப் பார்த்தேன்.

விலை: ஜப்பானின் யென் 2019-இல் டாலருக்கு 110 அளவில் இருந்தது. 2024 நடுவில் 160 வரை சரிந்தது. அமெரிக்கருக்கு அந்த ஊரே தள்ளுபடியில் கிடைத்த மாதிரி. 2019-இல் 3 கோடியே 19 லட்சமாக இருந்த வரத்து 2024-இல் 3 கோடியே 68 லட்சத்தைத் தாண்டியது. ‘செலாவணி வீழ்ந்ததும் கேட்பு ஏறியது’ என்று எழுதினால் எங்கும் இடறவில்லை.

ஆனால் மலிவு மட்டும் போதாது. இலங்கை ரூபாய் 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் இருந்தது, மே மாதம் 350-ஐத் தாண்டியது. விலைக் கணக்குப்படி கூட்டம் அள்ளியிருக்க வேண்டும். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நிற்கும் ஊருக்கு யார் வருவார்கள்? 2018-இல் 23 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு அந்த ஆண்டு ஏழு லட்சத்துச் சொச்சம்தான். கொரோனாவின் மிச்சமும் அதில் உண்டு என்பது வேறு. ‘மலிந்தும் கேட்பில்லை’ என்று இரண்டே சொல்லில் இதைச் சொல்லிவிடலாம். ‘மலிந்தும் தேவையில்லை’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், பொருளே கவிழ்ந்துவிடும்.

அப்புறம் 2020. உலகம் முழுக்கப் பன்னாட்டு வரத்து 2019-இல் 146 கோடி. அடுத்த ஆண்டு அது 40 கோடிச் சொச்சம். வருமானம் குறைந்தவர்கள் உண்டு, பயந்தவர்களும் உண்டு. ஆனால் பலருக்குப் பணமும் ஆசையும் அப்படியே இருந்தன, மூடியிருந்தது கதவு. மதகை இறக்கிய பிறகு பெரியாறு ஏரியில் தண்ணீர் ஏறுவது போல அது உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. இதற்குத் ‘தேங்கிய கேட்பு’ என்று பெயர் வைக்கிறேன். ‘தேங்கிய தேவை’ என்றால் குடிநீர்க் குழாய் வராத தெரு மாதிரி இருக்கிறது.

தூரம், மொழி, பழைய காலனி உறவு, விசா, ஏற்கெனவே போய்வந்தவர் வாய்மொழி எல்லாவற்றுக்கும் காரணி என்ற சொல்லே போதும். பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962-இல் வணிகத்துக்குச் சொன்ன, நாடுகள் பெரிதானால் கூடும், தூரமானால் குறையும் என்ற சூத்திரத்தைச் சுற்றுலாவுக்கும் எடுத்தாள்கிறார்களே, அது ‘ஈர்ப்பு மாதிரி’. அதில் சண்டை வேண்டாம்.

வாய்மொழி பற்றி மட்டும் ஒன்று. என் அறைக்கு ஜெர்மனியிலிருந்து வருகிறவர்கள் பாதிப்பேர் ஒரே ஊர்க்காரர்கள். முதலில் வந்த ஓர் அம்மா போய்ச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். போன ஆண்டு வரத்து இந்த ஆண்டுக் கேட்பை இழுக்கிறது என்று சமன்பாட்டில் எழுதுவதை நான் என் பதிவேட்டில் பார்க்கிறேன்.

குமுளியிலிருந்து

*

கொழும்பிலிருந்து:

குமுளித் தம்பி, கேட்பு நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாங்கள் தலைமுறையாகக் கேள்வி என்று படித்தும் படிப்பித்தும் வருகிறோம். வினைச்சொல்லும் ஒன்றுதான். பிறகு ஏன் மூன்றாவது ஒன்று? மற்றது, உங்கள் பக்கம் காப்பீட்டில் இழப்பீடு கோருவதையும் கேட்பு என்கிறார்களே, அது குழப்பாதா?

*

நாகர்கோவிலிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற உள்ளாட்சிக் கணக்கன். எங்கள் வரிப் பதிவேட்டில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று பத்தி உண்டு. அந்தக் கேட்பு, டிமாண்டேதான். ஆக இது புதுச் சொல் இல்லை, அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த சொல். எனக்குச் சம்மதம். ஒரே எச்சரிக்கை: வரிக் கேட்பு என்றால் கட்டியே ஆகவேண்டும், சுற்றுலாவில் அந்தக் கட்டாயம் இல்லை.

*

அக்கா, அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி.

அக்கா, இலங்கை மாணவருக்குக் கேள்வியை மாற்றச் சொல்ல எனக்கு வாயில்லை. சொல்லடைவில் ‘கேட்பு, இலங்கை வழக்கில் கேள்வி’ என்று இரண்டையும் சேர்த்தே போடுவோம். எங்கள் பக்கம் கேள்வியைத் தவிர்ப்பதற்குக் காரணம் ஒன்றே: ‘சுற்றுலாக் கேள்விகள்’ என்று எழுதினால் பிள்ளைகள் வினாத்தாள் என்று நினைத்துவிடும். காப்பீட்டுக் குழப்பத்துக்கு முன்னொட்டு போதும். இழப்பீட்டுக் கேட்பு, சுற்றுலாக் கேட்பு. அண்ணாச்சி சொன்ன கட்டாயம் சரியான இடத்தில் குத்துகிறது. வரியில் கேட்பவர் அரசு, சுற்றுலாவில் கேட்பவர் பயணி. ‘கேட்பவர் யார்’ என்பதை விளக்கத்தின் முதல் வரியில் எழுதிவிடுகிறேன்.

தம்பி, இப்போதைக்கு இப்படி மாற்றுங்கள்: சுற்றுலாக் கேட்பு, கேட்பின் வருமான நெகிழ்ச்சி, கேட்பின் விலை நெகிழ்ச்சி (வருமானமோ விலையோ மாறினால் கேட்பு எவ்வளவு மாறும் என்பது), தேங்கிய கேட்பு, வருகை எண்ணிக்கைக்கு வரத்து. அளிப்பு அப்படியே இருக்கட்டும்.

திருத்திய தலைப்பை இன்று ஜீப் அண்ணனிடம் காட்டினேன். இங்கே விடாத மழை, சீசன் இல்லை. ‘சுற்றுலாக் கேட்பு’ என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “எங்கே, இந்த மாசம் ஒருத்தரும் கேட்கவில்லையே!”

குமுளியிலிருந்து