சென்னையிலிருந்து டெல்லிக்கு நாயை விமானக் கேபினில் கூட்டிப் போனவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி அடுத்த மாதம் டெல்லிக்குக் குடிபோகிறோம். எங்கள் பொமரேனியன் மணிக்கு வயதாகிவிட்டது. தனியாக விட்டாலே நடுங்குவாள். அவளைக் கார்கோவில் ஏற்ற எனக்கு மனமே வரவில்லை.

விசாரித்த வரையில், இண்டிகோவில் உதவி நாய்களைத் தவிர மற்ற செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து கேபினில் அனுமதிக்கிறது, ஏர் இந்தியாவும்தான். எடை வரம்பு நாய்க்கு மட்டும் இல்லை, பையையும் சேர்த்துத்தான். அதனால் கனமில்லாத, நல்ல காற்றோட்டமுள்ள துணிப்பை வேண்டும். சென்னையில் எங்கே வாங்கினீர்கள்? உள்ளே அவள் எழுந்து நிற்கவும் திரும்பவும் இடம் இருக்க வேண்டும்.

ரேபிஸ் தடுப்பூசி அட்டை தயார். உடல்தகுதிச் சான்றிதழ் பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு வாங்கினீர்கள்? மயக்க மருந்து வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் பாதிக்கப்படலாமாம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

பெரிய கவலை பாதுகாப்புச் சோதனைதான். பை எக்ஸ்ரேக்குள் போகும்போது நாயைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் மிரண்டு துள்ளிவிட்டால்? ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டை) போட்டிருந்தால் கழற்றச் சொல்வார்களா? அப்புறம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பறக்க வேண்டும். சாப்பாட்டை எப்போது நிறுத்தினீர்கள்? இறங்கும்போது காது வலிக்காமல் இருக்க ஏதாவது கொடுத்தீர்களா?

சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.