பிடிஎஸ்டி: மாத்திரையையும் தெரபியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டுமா?

வைகை வடகரை
நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். விபத்தோ வன்முறையோ நடந்து மாதங்கள் ஆகியும் கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அந்த இடத்துப் பக்கமே போகாமல் ஒதுங்குவது என்று அவதிப்படுகிறவர்கள் வருகிறார்கள். பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்று தெரிந்ததும், மனச்சோர்வுக்கும் கொடுக்கிற செர்ட்ராலின் மாத்திரையை எழுதி, கூடவே தெரபிக்கும் அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கைதான் காரணம். அதற்கு ஆதாரம் போதாது என்கிறேன்.

2019-ல் வெளியான அமெரிக்காவின் ப்ராக்ரஸ் ஆய்வைப் பாருங்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பாதிக்கப்பட்ட 223 படைவீரர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, ஒதுக்கி வைத்த நினைவையும் இடத்தையும் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் எக்ஸ்போஷர் தெரபியும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும், இன்னொன்றுக்கு அதே தெரபியோடு செர்ட்ராலின், மூன்றாவதுக்கு செர்ட்ராலினும் மருத்துவரின் கவனிப்பும். 24 வாரத்தில் மூன்று பிரிவினரும் தேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் மற்றவர்களை முந்தவே இல்லை. அதற்கு முன் 2010-ல், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுக்குக் கிடைத்ததே நான்கு ஆய்வுகள்தான். சேர்த்துக் கொடுப்பது மேல் என்று சொல்ல அவை போதவில்லை.

எனவே முதலில் தெரபி. அதில் தேறாதவர்களுக்கு மாத்திரையை யோசிக்கலாம்.

ஓபி டாக்டர்
அதே ஆய்வைத் திருப்பிப் படித்தால், தெரபியைச் சேர்த்தும் மாத்திரையைத் தாண்ட முடியவில்லை என்றுதானே வருகிறது? உங்களுக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

நான் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர். நீங்கள் சொல்லும் எக்ஸ்போஷர் தெரபிக்கு ஒரு அமர்வு 90 நிமிடம், அப்படி வாரம் தவறாமல் மூன்று மாதம் வரை போகும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டும். வந்தாலும் அதை முறையாகச் செய்யப் பயிற்சி பெற்றவர் அந்த மாவட்டத்தில் இருக்க வேண்டும். செர்ட்ராலினுக்கு 1999-லும் அதே வகையைச் சேர்ந்த பராக்ஸெடினுக்கு 2001-லும் பிடிஎஸ்டிக்கென்றே அமெரிக்க அனுமதி கிடைத்தது. அவை எங்கள் கையில் இருக்கும்போது, தெரபிஸ்ட் கிடைக்கிற வரை சும்மா இரு என்று நோயாளியிடம் எப்படிச் சொல்வது? இவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வும் கூடவே இருக்கிறது. சாக வேண்டும் என்று சொல்கிறவரை நடந்ததை விவரமாகச் சொல்லுங்கள் என்று உட்கார வைக்க முடியுமா?

வைகை வடகரை
தற்கொலை எண்ணம் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், அதில் வாதமே இல்லை டாக்டர்.

ஆனால் அந்த மூன்றாவது பிரிவுக்கு வெறும் மாத்திரை மட்டும் கிடைக்கவில்லை. மருத்துவர் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் வரை உட்கார்ந்து, நோயைப் பற்றி விளக்கி, அவர்கள் சொன்னதைக் கேட்டார். நம் ஊர் ஓபியில் அந்த நேரம் கிடைக்காது. தவிர, வெற்று மாத்திரை மட்டும் வாங்கிய, தெரபி இல்லாத பிரிவு என்று ஒன்று அந்த ஆய்வில் இல்லை. எதனால் தேறினார்கள் என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. சேர்ப்பதால் கூடுதல் லாபம் வரவில்லை என்பதை மட்டும்தான் சொல்ல முடியும். என் வாதமும் அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2001-ல் வந்த ஆய்வு ஒன்றில், செர்ட்ராலினில் தேறியவர்களில் சிலருக்கு அதைத் தொடர்ந்தார்கள், சிலருக்கு வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். தொடர்ந்தவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, மாற்றப்பட்டவர்களில் சுமார் 26 சதவீதம் பேருக்கு.

காவிரிக்கரை அக்கா
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பி பஸ் விபத்தில் தப்பியவன். ராத்திரி தூக்கமில்லை என்று மெடிக்கலில் கேட்டு அல்ப்ராசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். தூங்கினான், ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கமே போக மாட்டான். நாள் போகப் போக ஒரு மாத்திரை போதவில்லை. பிறகு பார்த்த மருத்துவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து செர்ட்ராலின் ஆரம்பித்தார். சில மாதம் கழித்துத்தான் தெரபி. நடந்ததை அவன் வாயாலேயே சொல்ல வைத்து, அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார்கள். அப்புறம் நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார வைத்தார்கள். மாத்திரை இல்லாவிட்டால் அந்தச் சீட்டில் உட்கார்ந்தே இருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் சொல்கிறான். அவன் சொல்வதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

ஓபி டாக்டர்
அக்கா, அல்ப்ராசோலம் விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். பிடிஎஸ்டிக்கு அந்த வகை மாத்திரை வேண்டாம் என்று அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் 2023 வழிகாட்டி அழுத்தமாகவே சொல்கிறது. பழக்கமாகிவிடும், தெரபியில் நடக்க வேண்டிய கற்றலையும் மழுங்கடிக்கலாம்.

தம்பி சொல்வதற்கு ஆதரவாகவும் ஆய்வு உண்டு. நியூயார்க் உலக வர்த்தக மையத் தாக்குதலில் பாதிக்கப்பட்ட 37 பேருக்கு எக்ஸ்போஷர் தெரபியோடு பராக்ஸெடினோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். 2012-ல் வெளியானது. பத்து வாரத்தில் பராக்ஸெடின் பிரிவில்தான் அதிகம் பேர் குணமானார்கள்.

வைகை வடகரை
அதே ஆய்வில் பாதியில் நிறுத்தாமல் இன்னும் 12 வாரம் தொடர்ந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் டாக்டர்.

அக்கா, உங்கள் தம்பிக்கு நடந்தது ஒன்றன்பின் ஒன்றாக. ஒரே நாளில் இரண்டும் தொடங்கவில்லை. 2006-ல் வந்த ஓர் ஆய்வு கிட்டத்தட்ட இதே வரிசையில் நடந்தது. பத்து வாரம் செர்ட்ராலின், பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும் எக்ஸ்போஷர் தெரபியைச் சேர்த்தார்கள். மாத்திரையில் அரைகுறையாகத் தேறியிருந்தவர்களுக்குத்தான் அதனால் கூடுதல் பலன். ஏற்கெனவே நன்றாகத் தேறியவர்களுக்குப் பெரிதாக மாற்றமில்லை. யாருக்கு, எப்போது சேர்ப்பது என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

வன்னிக்காற்று
தெரபிஸ்ட் இல்லை என்ற கதையை எங்கள் பக்கமும் கனகாலமாகக் கேட்கிறோம். 2004 சுனாமி அடித்துச் சில கிழமைகளிலேயே இலங்கையின் வடகிழக்கு முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வு சிகிச்சை கொடுத்து ஆய்வு செய்தார்கள். போரையும் கண்ட பிள்ளைகள் அவர்கள். பாதிப் பேருக்கு வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்ல வைக்கும் நெட் (நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி) முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பெரும்பாலானோர் தேறியிருந்தார்கள். ஆட்களைப் பழக்குவதற்குச் செலவழிக்காமல் மாத்திரையை மட்டும் நம்பியிருப்பது எங்கள் சனத்துக்கு நியாயமா?

ஓபி டாக்டர்
ஆட்களைப் பழக்க வேண்டும் என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அவர்கள் பிள்ளைகள், அதுவும் சம்பவம் நடந்து சில வாரத்தில். அப்போது பலர் தானாகவே தேறுவார்கள். சிகிச்சையே பெறாத பிரிவு அங்கேயும் இல்லை. பல வருடப் போரும் இழப்பும் குடியும் சேர்ந்துவிட்ட ஒரு பெரியவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது சரியில்லை.

வன்னிக்காற்று
பெரியவர்களுக்கு அதே முடிவு வரும் என்று நானும் சொல்லவில்லை டொக்டர். ஆறு அமர்வுக்கு ஊர் ஆட்களைப் பழக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் மாவட்டத்தில் அதை யார் தொடங்கப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

காவிரிக்கரை அக்கா
எங்களைப் போன்ற குடும்பங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

வைகை வடகரை
முதலில், நோயாளிக்கு எது விருப்பம் என்று மருத்துவரே கேட்க வேண்டும் அக்கா. 2019-ல் 200 பேரிடம் நடந்த ஆய்வில் எக்ஸ்போஷர் தெரபியா செர்ட்ராலினா என்று ஒப்பிட்டார்கள். தான் விரும்பிய சிகிச்சை கிடைத்தவர்கள் அதை ஒழுங்காகத் தொடர்ந்தார்கள், நன்றாகவும் தேறினார்கள். மாத்திரை எழுதினால், தூக்கத்துக்கா, மனச்சோர்வுக்கா, பிடிஎஸ்டிக்கேதானா, எத்தனை வாரத்தில் திரும்பப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். தெரபிக்கு அனுப்பினால், அங்கே நடந்ததை நேராக எடுத்துப் பேசுவார்களா, ஆறுதல் மட்டும்தானா என்று கேளுங்கள். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஓபி டாக்டர்
இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். செர்ட்ராலின் வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிட வேண்டாம். தேறிவிட்டோம் என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

எதற்காக எழுதுகிறேன், எப்போது மறுபடி பார்ப்பேன் என்பதைச் சீட்டில் எழுதச் சொன்னால் எழுதுகிறேன், அது நல்ல யோசனை. ஆனால் தெரபிக்கு இடம் கிடைக்கிற வரை மாத்திரையைக் கொடுக்காமல் வைத்திருக்க மாட்டேன்.

வைகை வடகரை
எனக்கு அனுப்புகிறவர்களில் தெரபியையே முதலில் விரும்புகிறவர் இருந்தால், மாத்திரை தொடங்காமல் அனுப்பிப் பாருங்கள் டாக்டர். மூன்று மாதம் கழித்து இருவரும் சேர்ந்து பார்ப்போம்.