மூக்கடைப்பு: "சதை வளர்ந்திருக்கு"ன்னு வந்தவங்க கிட்ட நீங்க பார்த்தது (மலேசியாவுல நர்ஸ் அதாவது மிஸ்ஸி, ஃபார்மசி, ஆபரேஷன் தியேட்டர் அதாவது ஓ.டி., இன்சூரன்ஸ் கவுண்டர், மருத்துவ உதவியாளர் அதாவது எம்ஏ வேலை பார்க்கிறவங்க எழுதினது)

ஜெலுத்தோங் மிஸ்ஸி

மூக்குல சதை வளர்ந்திருக்கு, வெட்டணும்னு யாரோ சொல்லி ஒருத்தர் வந்தார். ஸ்கோப் (மூக்குக்குள்ள பார்க்கிற கேமராக் குழாய்) விடுறதுக்கு முன்னால வழக்கம்போல ஆக்சிமெட்டாசோலின் மருந்துல நனைச்ச பஞ்சுத் திரியை ரெண்டு துவாரத்துலயும் வச்சு 10 நிமிஷம் உட்கார வச்சாச்சு. திரியை உருவினதும் மனுஷன் வாயை இறுக்கி மூடிக்கிட்டு மூக்காலயே நாலு மூச்சு இழுத்தார். அப்புறம் ஒரு கேள்வி: "சதை எங்க மிஸ்ஸி போச்சு?"

எங்கேயும் போகல. அது டர்பினேட். எல்லார் மூக்குலயும் பக்கச் சுவர்ல பிறக்கும்போதே இருக்கிறது. உள்ள ரத்தம் தேங்கினா உப்பும், மருந்து பட்டா வத்தும். பாலிப்னா மூக்குச் சவ்வு வீங்கித் தொங்குற கட்டி, அது அப்படி வத்தாது. நம்ம ஆளுங்க ரெண்டையும் "சதை"ன்னு ஒரே சொல்லுல சொல்லிடுறாங்க, பாதிக் குழப்பம் அங்கதான். பாலிப், தோல் உரிச்ச லங்சாட் பழச் சுளை மாதிரி வெளுத்துப் பளபளன்னு தொங்கும், குச்சியால தொட்டாலும் வலி தெரியாது. டர்பினேட்டைத் தொட்டா ஆள் நாற்காலியை விட்டே எழும்பிடுவார். நிறத்தை மட்டும் நம்பாதீங்க, அலர்ஜிக்காரங்களுக்கு டர்பினேட்டும் வெளிறித்தான் இருக்கும்.

திரி வச்சும் திறக்கலன்னா நடுத்தண்டு (ரெண்டு துவாரத்தையும் பிரிக்கிற சுவர்) வளைவா, பாலிப்பா, வால்வுங்கிற உள் குறுகலான்னு தேடணும். கத்தி பத்திப் பேச்சு அதுக்கப்புறம்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபார்மசி

மிஸ்ஸி அந்த 10 நிமிஷ மேஜிக்கைச் சொல்லிட்டீங்க. அதைப் பார்த்த ஆள் அடுத்து நேரா வர்ற இடம் எங்க கவுண்டர். "அதே மருந்து மூணு பாட்டில் கொடுங்க." சட்டைப் பையில நாலாவது பாட்டில், மூடி எப்பவோ தொலைஞ்சு போச்சு, நுனி கறுத்துக் கிடக்கு. ரெண்டு வருஷமா அடிக்கிறாராம். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அடிச்சாதான் தூக்கமாம்.

ஆக்சிமெட்டாசோலினும் சைலோமெட்டாசோலினும் ரத்தக் குழாயைப் பிழிஞ்சு சுருக்கும். அஞ்சு நாளைத் தாண்டினா குழாய் மருந்துக்காகக் காத்திருக்கப் பழகிடும், வேகம் இறங்கினதும் முன்னைவிட உப்பும். அலர்ஜி எப்பவோ அடங்கியிருக்கும், அடைப்பு மட்டும் பாட்டிலால ஓடிக்கிட்டிருக்கும். நிறுத்தணும்னா ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் நிறுத்தாதீங்க, மூணாம் நாள் ராத்திரி திரும்பக் கடைக்கு வந்துடுவீங்க. ஒரு துவாரத்துக்கு மட்டும் முதல்ல நிறுத்துங்க. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை அன்னிக்கே ரெண்டு பக்கமும் தொடங்குங்க. அந்தப் பக்கம் திறந்துக்க ஒரு வாரம், சில பேருக்கு அதுக்கு மேல. பிறகு அடுத்த பக்கம்.

ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை "வேலை செய்யல"ன்னு திருப்பிக் கொண்டு வர்றவங்களை அடிச்சுக் காட்டச் சொன்னா, பெரும்பாலும் நடுத்தண்டு மேலதான் போகுது. ரத்தம் கசியிறதும் அதனாலதான். வலது கையால இடது துவாரம், இடது கையால வலது துவாரம். தலையை லேசா முன்னால குனிங்க, நுனி அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்கட்டும். மெல்ல மூச்சு இழுத்தா போதும். உறிஞ்சினா தொண்டைக்குப் போய்க் கசக்கும், மூக்குல ஒண்ணும் தங்காது. புது பாட்டிலைக் காத்துல அடிச்சுத் தயார் பண்ணணும்: மொமெட்டாசோன் 10 தடவை, ஃப்ளூட்டிகசோன் ஃப்யூரோயேட் 6 தடவை. பெரியவங்களுக்கு ஒரு பக்கத்துக்கு 2 அடி, நாளைக்கு ஒரு வேளை. முழுப் பலன் தெரிய ரெண்டு வாரம் ஆகலாம், மூணாம் நாளே தூக்கிப் போட்டா எப்படி?

கோடாலித் தைலம் தடவினா மூக்கு திறக்குதுன்னு அடம் பிடிக்கிற பெரியவங்களுக்கு: திறக்கல பெரியம்மா. மென்தால் குளிர்ச்சி நரம்பைத் தட்டி எழுப்புது, அவ்வளவுதான். காத்து போற அளவு அதேதான்.

ஓ.டி. பையன் கேஎல்

ஃபார்மசி அண்ணே எழுதினதைப் பார்த்தா ஸ்ப்ரேயிலேயே உலகம் முடிஞ்சிடும் போல. வளைஞ்ச குருத்தெலும்பை எந்த ஸ்ப்ரே நிமிர்த்தும்? பிரிட்டன்ல 17 மருத்துவமனைகள்ல 378 பேரை வச்சுப் பார்த்து 2023-ல பிஎம்ஜே இதழ்ல வந்துச்சு. பாதிப் பேருக்கு செப்டோபிளாஸ்டி (வளைஞ்ச நடுத்தண்டை நேராக்கிற ஆபரேஷன்), பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீரும். ஆறு மாசத்துல தொந்தரவு மதிப்பெண் ஆபரேஷன்காரங்களுக்கு 19.9, ஸ்ப்ரேக்காரங்களுக்கு 39.5. கூட இருந்தா மோசம்னு அர்த்தம்.

இப்ப நான் சொல்ல வந்தது. ஏழாம் நாள் ஸ்ப்லின்ட் எடுக்க வந்த ஒரு தம்பி. ஸ்ப்லின்ட்டுன்னா சுண்டு விரல் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி சிலிக்கோன் தகடு, நடுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் வச்சு ஒரே தையல்ல பிடிச்சிருக்கும். தையலை வெட்டி இழுத்தாச்சு, ஒட்டின ரத்தக்கட்டியோட அது வெளிய வந்துச்சு. கத்துவான்னு பார்த்தா, "ஏர்கோன் காத்து சில்லுன்னு இருக்கு"ன்னான்.

ஆபரேஷன்ல மூக்கை உடைக்கிறதில்ல. கீறல் உள்ளேயே போடுறாங்க. குருத்தெலும்பு மேல இருக்கிற சவ்வைக் கிழியாம உரிச்சு, வளைஞ்ச துண்டை எடுக்கிறாங்க. மேலயும் முன்னாலயும் குறைஞ்சது 1 சென்டிமீட்டர் எல் வடிவத்துல விட்டு வைக்கணும், மூக்கை நிமிர்த்தி வைக்கிற தூண் அதுதான். அங்க கஞ்சத்தனம் பண்ணா பின்னாடி மூக்குத் தண்டு சேணம் மாதிரி அமுங்கிடும். சவ்வு ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல கிழிஞ்சா ஓட்டை விழும், சின்ன ஓட்டைன்னா மூச்சு விடுறப்போ விசில் சத்தம். டர்பினேட்டுல மேல் சவ்வை விட்டுட்டு உள் திசுவை மட்டும் ரேடியோ அலையாலயோ மைக்ரோடிபிரைடர்ங்கிற சுழல் கத்தியாலயோ சுருக்குறாங்க. அந்தக் காலத்துல மொத்தமா வெட்டுவாங்க. அப்படி வெட்டின சிலருக்கு மூக்கு குகை மாதிரி திறந்திருந்தும் மூச்சுத் திணறும், எம்ப்டி நோஸ்னு அதுக்குப் பேர். அதனால யாராவது "முழுசா எடுத்துடலாம்"னு சொன்னா எழுந்து வெளிய வந்துடுங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வாரம் மூக்கு சீந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க, பாரம் தூக்கக் கூடாது. எட்டாம் நாள் தைப்பூசம், பால்குடம் எடுத்துத் பினாங்கு தண்ணீர்மலை ஏறலாமான்னு கேட்டவங்களும் உண்டு. முருகன் அடுத்த வருஷமும் அங்கதான் இருப்பார்.

ஜெலுத்தோங் மிஸ்ஸி

தம்பி, அந்த ஆய்வு தண்டு வளைவுன்னு உறுதியானவங்களுக்கு. எங்கிட்ட வந்தவருக்குத் தண்டு நேரா இருந்துச்சு, அவரைப் படுக்க வச்சு எதை நிமிர்த்துவீங்க? டர்பினேட்டைச் சுருக்கினாலும் அலர்ஜி ஓயலன்னா கொஞ்ச வருஷத்துல திரும்ப உப்பும். "ஆபரேஷன் பண்ணியும் திரும்ப வந்துடுச்சு"ன்னு சொல்றவங்கள்ல பல பேர் கதை இதுதான்.

தண்டை நிமிர்த்தியும் அடைப்பு போகாத ஒருத்தருக்கு டாக்டர் கன்னத்துல ரெண்டு விரலை வச்சு காதுப் பக்கமா இழுத்தார். "ஆங், இப்படியே பிடிங்க!" அது வால்வு. துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கிற குறுகல், மூச்சு இழுக்கும்போது சுவர் உள்வாங்குது. அவங்களுக்கு வெளிய ஒட்டுற ஸ்ட்ரிப்பே நல்லாக் கேக்கும். நிரந்தரமா வேணும்னா குருத்தெலும்புத் துண்டு வச்சு விரிக்கணும். ஒரு எச்சரிக்கை, கன்னத்தை இழுத்தா வேற காரணத்தால அடைச்சவங்களுக்கும் கொஞ்சம் திறந்த மாதிரிதான் இருக்கும், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஜிஎல் கவுண்டர்

சுருக்கமா. ஒருத்தங்க மெடிக்கல் இன்சூரன்ஸ் கார்டு எடுத்த மூணாம் மாசம் அட்மிஷனுக்கு வந்து நின்னாங்க, ஜிஎல் (பில்லைக் கட்டுறோம்னு இன்சூரன்ஸ் தர்ற உறுதிக் கடிதம்) வரல, பையை மடியில வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. இங்க பொதுவா பாலிசியில காது மூக்கு தொண்டை எல்லாமே "குறிப்பிட்ட நோய்கள்" பட்டியல்ல வரும், காத்திருப்பு 120 நாள். மத்த நோய்களுக்கு உள்ள 30 நாளை மட்டும் படிச்சுட்டு வர்றாங்க. அழகுக்காக மூக்கை மாத்துற செலவு கவர் ஆகாது, மூச்சுக்கான ஆபரேஷனோட அதையும் சேர்த்துப் பண்ணா பில்லைப் பிரிச்சுக் கேளுங்க.

செந்தூல் எம்ஏ

கார்டு இல்லாதவங்க கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்கச் சுகாதார கிளினிக்) ரெஃபரல் லெட்டர் வாங்குங்க. குடிமக்களுக்கு அங்க 1 வெள்ளி (ரிங்கிட்), அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல 5 வெள்ளி. காத்திருக்கணும், அது வேற.

யாரும் கேக்கல, ஆனா சொல்லிடுறேன். மூக்கு கழுவுறவங்க பாட்டிலைக் குழாய்லயே நிரப்புறாங்க. வீட்டு ஃபில்டர் இருக்குன்னு சொல்றாங்க. 2011-ல அமெரிக்காவுல லூசியானாவுல குழாய்த் தண்ணியால மூக்கு கழுவின ரெண்டு பேர் மூளையைத் தின்கிற அமீபாவால செத்தாங்க. அந்தத் தண்ணியைக் குடிச்சா அந்த அமீபா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியாப் போனாதான் வினை. தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வைங்க. அயோடின் சேர்க்காத உப்பு 3 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன் கலந்து டப்பாவுல போட்டுக்குங்க. அதுல 1 டீஸ்பூன் எடுத்து 240 மில்லி வெதுவெதுப்பான தண்ணியில. உப்பில்லாம வெறும் தண்ணி விட்டா உச்சி வரைக்கும் சுர்ருன்னு எரியும். சிங்க்குக்கு மேல குனிஞ்சு, தலையைச் சாய்ச்சு, வாயைத் திறந்து "க்க்க்"ன்னு சொல்லிக்கிட்டே பிழியுங்க, தொண்டைக்கு இறங்காது. கழுவிட்டு 10 நிமிஷம் கழிச்சு ஸ்ப்ரே அடிங்க, இல்லன்னா மருந்தும் தண்ணியோட ஒழுகிடும்.

தூசிப் பூச்சி அலர்ஜின்னா தலையணை உறை, மெத்தை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரியில துவைங்க. தானியங்கி டோபிக் கடையில சுடுதண்ணி செட்டிங் இருக்கான்னு பார்த்துக் காசு போடுங்க.

வலது இடதுன்னு சில மணி நேரத்துக்கு ஒருக்கா மாறி மாறி அடைச்சா அது மூக்கோட இயல்பு, பயப்படாதீங்க. ஒரே பக்கம், நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகுது, காலையில சளியில ரத்தக் கீற்று, அதே பக்கத்துக் காது அடைப்பு, கழுத்துல வலியில்லாத கட்டி. இதுல ஒண்ணு இருந்தாலும் ஸ்ப்ரே வாங்கிப் பார்க்க வேணாம், மூக்குக்குப் பின்னால கேன்சரான்னு ஸ்கோப் விட்டுப் பார்க்கணும். நம்ம நாட்டுல சீனர்களுக்கு அதிகம், அதுக்காக இந்தியருக்கு வராதுன்னு இல்ல.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபார்மசி

எம்ஏ அண்ணே, மூக்கு கழுவுற 240 மில்லி பாட்டிலைச் சுத்தம் பண்றதையும் எழுதுங்க. கழுவி, குலுக்கித் தண்ணியை வடிச்சு, மூடியைத் திறந்து காய வைக்கணும். நேத்து ஒண்ணு கொண்டு வந்தாங்க, கழுத்து முழுக்கக் கறுப்பு பூஞ்சை.