புதுப்பிப்பு: 33550336 பற்றி இன்னும் கொஞ்சம்

33550336தான் ஐந்தாவது செவ்விய எண், தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் அதே எண் வரும் என்று முன்பு எழுதியிருந்தேன். நான்காவது வெறும் 8128, அங்கிருந்து ஏன் இவ்வளவு பெரிய தாவல் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

இரண்டின் ஒரு அடுக்கில் ஒன்று குறைத்து வருவது பகா எண்ணாக இருந்தால், அதை இரண்டின் முந்தைய அடுக்கால் பெருக்கினால் செவ்விய எண் வரும்; 8128 இப்படி 7ஆம் அடுக்கில் வந்தது (127 × 64). அடுக்கும் பகா எண்ணாக இருந்தால்தான் இது நடக்கும், அதனால் 7க்கு அடுத்து 11. அங்கேதான் குற்றவாளி, 2047. இரண்டின் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் வரும் இந்த எண் பகா எண் மாதிரி தெரியும், ஆனால் 23 × 89 என்று உடைந்துவிடுகிறது, அதனால் 13ஆம் அடுக்கு வரை போய் 8191ஐப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதை 4096ஆல் பெருக்கினால் நம்ம ஆள் வந்துவிடுவார்.

அப்புறம், 33550336 8191ஆவது முக்கோண எண்ணும்கூட, அதாவது 1 முதல் 8191 வரை எல்லா எண்களையும் கூட்டினால் வருவது. முதல் 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுதான் வரும், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுவே. இரும முறையில் எழுதினால் 13 ஒன்றுகள், பின்னாலேயே 12 பூஜ்யங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 28, அதுவும் செவ்விய எண்தான், ஆனால் இது சும்மா தற்செயல்.