நைட்ரைட் பார்க்கணுமா, வேண்டாமா?

குழித்துறைக்காரன்:
புதிதாக உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்த ஒரு பையனிடம் பாறசாலை அண்ணன் நேற்று சொன்னது இது: "நைட்ரைட் பூஜ்யம் ஆகாமல் மீன் விட்டால் அது கொலை." பையன் பயந்துபோய் எனக்கு எழுதுகிறான். இந்தக் கதையை இன்னும் எத்தனை வருஷம் சொல்வீர்கள் அண்ணே? அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட் மீனைக் கொல்வது நன்னீரில். செவுள் வழியாக ஏறி ஹீமோகுளோபினைக் கெடுக்கும், இரத்தம் பழுப்பாகும். கடல்தண்ணீரில் லிட்டருக்கு 19 கிராம் போலக் குளோரைடு இருக்கிறது. நைட்ரைட் நுழையும் வாசலை அது அடைத்துக்கொள்ளும். நன்னீர்ப் பண்ணைக்காரர்கள் குளத்தில் உப்புப் போடுவதும் இதற்குத்தான். பார்க்கவேண்டியது அம்மோனியா ஒன்றுதான். மீன் விடுமுன், பாக்டீரியாவுக்குத் தீனியாக அதை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும் அளவுக்கு ஊற்று. ஒரு நாளில் பூஜ்யம் ஆனால் மீன் விடு.

பாறசாலை ரீஃபர்:
குளோரைடு பாடம் எனக்கும் தெரியும் தம்பி. அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒரு பாக்டீரியாக் கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது வேறு கூட்டம். இரண்டாவது கூட்டம் பிந்தித்தான் வளரும். நைட்ரைட் நிற்கிறது என்றால் அந்தக் கூட்டம் இன்னும் தேறவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றை இலையில் போடுவாயா? நைட்ரைட் பூஜ்யம் ஆகணும், அவ்வளவுதான்.

குழித்துறைக்காரன்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. கடல்தண்ணீரில் நைட்ரைட் மீனைக் கொல்லுமா, கொல்லாதா?

பாறசாலை ரீஃபர்:
தொட்டி தயாரா இல்லையா என்பதுதான் பேச்சு.

குழித்துறைக்காரன்:
"கொலை" என்று எழுதியது நீங்கள். கொல்லுமா, கொல்லாதா?

புதுத்தொட்டி:
அண்ணன்மாரே, அந்தப் பையன் நான்தான். டெஸ்ட் கிட்டின் அம்மோனியாக் குழாயில் மஞ்சளுக்குள் (மஞ்சள் என்றால் பூஜ்யம்) லேசாகப் பச்சை தெரிகிறது. நைட்ரைட் நல்ல ஊதா, அதாவது நிறைய. நைட்ரேட் இரத்தச் சிவப்பு. தண்ணீர் மாற்றணுமா?

கொல்லங்கோடு அக்கா:
தம்பி, அந்தச் சிவப்பை நம்பாதே. நைட்ரேட் கிட் முதலில் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, அப்புறம்தான் நிறம் காட்டும். ஏற்கெனவே நைட்ரைட் கிடந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும். நைட்ரைட் இறங்கிய பிறகு பார். நைட்ரேட்டின் இரண்டாவது குப்பியில் மருந்து அடியில் படிந்துவிடும். தட்டி, நன்றாகக் குலுக்கிய பிறகு சொட்டு விடு. இப்போது மாற்ற வேண்டாம், மீன்தான் இல்லையே.

பாறசாலை ரீஃபர்:
பார்த்தாயா? நைட்ரைட் பார்க்காவிட்டால் நைட்ரேட் அளவே பொய். அக்கா என் பக்கம்.

கொல்லங்கோடு அக்கா:
நான் யார் பக்கமும் இல்லை. என்னை இழுக்க வேண்டாம்.

குழித்துறைக்காரன்:
நைட்ரேட்டையே கடைசியில் பார்த்தால் போதும் என்கிறேன், அதற்கு எதற்கு நடுவில் ஒரு நைட்ரைட்? அம்மோனியா வேறு விஷயம். பிஹெச் 8.2ல் அதில் விஷமுள்ள பங்கு நன்னீரைவிடக் கூடும். செவுளைச் சுட்டுவிடும். அங்கே பயப்படுங்கள். நைட்ரைட் கிட் விற்கிற கடைக்காரனுக்காக நீங்கள் ஏன் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள்?

பாறசாலை ரீஃபர்:
கடைக்காரனா? மழைக்காலத்தில் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் கேனில் மொண்டு வந்து "நம்ம கடல்தண்ணீரே போதும்" என்று ஊருக்கெல்லாம் கொடுத்தது யார்? குழித்துறைத் தாமிரபரணி வெள்ளம் கலந்து உப்பின் ஒப்படர்த்தி 1.018 காட்டியது. வேண்டியது 1.025. அந்தத் தண்ணீரை நம்பிப் பவளம் வாங்கினவர்களைக் கேட்டுப் பார்.

குழித்துறைக்காரன்:
1.018 காட்டியது உங்கள் ரிஃப்ராக்டோமீட்டர், அந்த உப்பு அளக்கும் கருவி. அதை வெறும் டிஸ்டில்டு வாட்டரில் சரிபார்த்துவிட்டு ஊரை நம்பச் சொன்னீர்கள். கடல்தண்ணீர் அளவு உப்புள்ள 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) கரைசலில் ஒருமுறையாவது சரிபார்த்ததுண்டா? ஈயம் பூசுகிறவர்கள் வாங்கும் நவச்சாரத்தையே அம்மோனியாவுக்குப் போடச் சொன்னதும் நீங்கள்தான்.

பாறசாலை ரீஃபர்:
நவச்சாரம் அம்மோனியம் குளோரைடுதானே!

குழித்துறைக்காரன்:
அதில் வேறு என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? செம்பு கொஞ்சம் இருந்தாலும் பின்னால் விடுகிற இறால், நத்தை எல்லாம் போகும். தொட்டிக்குள் இருக்கும் கல் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும்.

எல்லைக்கல்:
இரண்டு பேரும் சொல்வதைக் கேட்டால் தொட்டி வைக்கும் ஆசையே போய்விடும். பாறசாலைக்காரருக்கு எப்போதும் நம்ம பக்கத்துக்காரன் சொன்னால் பிடிக்காது.

பாறசாலை ரீஃபர்:
எந்தப் பக்கம்? என் வீட்டிலும் தமிழ்தான். 1956ல் பாறசாலையைக் கேரளத்தில் விட்டுக் கோடு போட்டவர்கள் என்னைக் கேட்டுப் போடவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசு.

குழித்துறைக்காரன்:
நானும் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறேன். கொல்லுமா, கொல்லாதா?

புதுத்தொட்டி:
அண்ணே, இன்று அம்மோனியா சுத்த மஞ்சள். நைட்ரைட் இன்னும் ஊதாதான். விடலாமா?

குழித்துறைக்காரன்:
இன்னொரு தடவை 2 பிபிஎம் போடு. மறுநாளும் மஞ்சள் என்றால் தாராளமாக விடு. முதலில் ஒரே ஒரு மீன்.

பாறசாலை ரீஃபர்:
விடாதே. ஊதா போகட்டும்.

குழித்துறைக்காரன்:
ஊதா மீனை ஒன்றும் செய்யாது அண்ணே.

பாறசாலை ரீஃபர்:
தொட்டி முடியவில்லை தம்பி.