மிச்சிகனிடம் தோற்ற ஒஹாயோ ஸ்டேட் எப்படித் தேசியச் சாம்பியன் ஆனது?

கேள்வி: பாலக்கோட்டுக்காரர்

என் அக்கா மகன் கொலம்பஸில் உள்ள ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2024 நவம்பர் 30 அன்று, நம் ஊரில் நள்ளிரவு தாண்டிய பிறகு, அவர்கள் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டும் ஓடும் ஆட்டம்) அணியைப் பற்றி அழைத்து, "மாமா, மிச்சிகனிடம் தோற்றுவிட்டோம், இந்த வருஷமே வீண்" என்று ஏறக்குறைய அழுதான். அதே பையன் ஜனவரி 21 காலையில், நான் தக்காளி மண்டியில் ஏலத்துக்கு நின்றுகொண்டிருந்தபோது, தேசியச் சாம்பியன் ஆகிவிட்டோம் என்று கத்தினான். எங்கள் பக்கத்துப் பொங்கல் கபடியில் ஒரு ஆட்டம் தோற்றால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். இரண்டு முறை தோற்ற அணிக்குக் கோப்பை எப்படிக் கிடைத்தது என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி: ஓசூர்வாசி

கல்லூரி ஃபுட்பாலில் முதல் பன்னிரண்டு ஆட்டங்கள் தகுதிக்கு மட்டுமே. நாக்-அவுட் அதன் பிறகுதான் தொடங்குகிறது. 2014 முதல் 2023 வரையிலான சீசன்களில் நான்கு அணிகள் மட்டுமே பிளேஆஃப் என்ற அந்த நாக்-அவுட் சுற்றுக்குள் நுழைந்தன. 2024இல் அது பன்னிரண்டாக உயர்ந்தது. பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழுவின் இறுதித் தரவரிசையில் ஒஹாயோ ஸ்டேட் ஆறாவது இடத்தில் இருந்தது. பழைய முறையே நீடித்திருந்தால் உங்கள் மருமகன் சொன்னபடி அந்த வருஷம் வீணாகத்தான் போயிருக்கும்.

அவன் அழுததிலும் நியாயம் உண்டு. ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு வந்த பரம எதிரி மிச்சிகன் பல்கலைக்கழகத்தை, சொந்த மைதானத்தில், கண்ணை மூடிக்கொண்டு வெல்வார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். எதிரணித் தடுப்பின் மிக வலுவான நடுப்பகுதியிலேயே பந்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி மறுபடி மோதியதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) முயற்சிகள் வேறு தவறின. பத்துக்குப் பத்து என்று நின்ற ஆட்டத்தில், 45 விநாடிகள் மிச்சமிருக்கையில் மிச்சிகன் ஒரு ஃபீல்டு கோல் உதைத்து 13–10 என முடித்தது. அந்த எதிரியிடம் அது தொடர்ந்து நான்காவது தோல்வி.

அடுத்த மூன்று வாரங்களில் அணியே மாறிவிட்டது. டென்னஸியை 42–17, ஓரிகனை 41–21, டெக்சாஸை 28–14 என்று வீழ்த்தி, அட்லாண்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் நோட்ர டேமை 34–23 என்று வென்றார்கள். டெக்சாஸ் ஆட்டத்தில் ஜாக் சாயர் எதிரணியின் பந்து வீசுபவரைத் தட்டிப் பந்தைப் பிடுங்கி, 83 கெஜம் ஓடி டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி) போட்டதை மட்டுமாவது தேடிப் பாருங்கள். ஒரே ரெய்டில் ஆட்டம் திரும்புவதைப் பார்த்துப் பழகிய கபடிக்காரருக்கு அது உடனே பிடிபடும்.

மறுமொழி: கிருஷ்ணகிரி வாசகர்

ஓசூர் நண்பர் ஓரிகனைப் பற்றி ஒரு வரியோடு முடித்துவிட்டார். அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட்டை 32–31 என்று வென்ற அணி அது. பதின்மூன்று ஆட்டங்களிலும் தோற்காமல், பிக் டென் என்ற கான்ஃபரன்ஸின் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) பட்டத்தோடு முதலிடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. அதற்குக் கிடைத்த பரிசு, முன்பு தான் வென்ற அதே அணியோடு முதல் ஆட்டத்திலேயே மோதல்! முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் ஓய்வு நான்கு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே என்று விதி வைத்ததால், தரவரிசையில் ஒன்பதாவதான பாய்சி ஸ்டேட்டும் பன்னிரண்டாவதான அரிசோனா ஸ்டேட்டும் மேலே ஏற, ஆறாவதான ஒஹாயோ எட்டாவது இடத்துக்கு இறங்கி, அட்டவணையில் ஓரிகன் பக்கம் வந்து விழுந்தது. அந்த ஓய்வும் உதவவில்லை. ஓய்வு பெற்ற நான்கு அணிகளும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. 2025இல் இந்த விதியை நீக்கி, தரவரிசைப்படியே இடம் கொடுத்தார்கள். கோப்பை ஒஹாயோவுக்கு உரியதுதான், ஆனால் ஓரிகனுக்கு நடந்தது அநியாயம்.

மறுமொழி: பாலக்கோட்டுக்காரர்

இருவருக்கும் நன்றி, இப்போது விளங்கியது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு நேற்று அவனிடம், கோப்பை வந்த பிறகு மிச்சிகன் தோல்வி மறந்துவிட்டதா என்று கேட்டேன். "மாமா, அதை மட்டும் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, ஊரில் மழை உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.