புதுப்பிப்பு: தளி பைன் கன்றுகளுக்கு வேர் அழுகல் இல்லை

மார்கழியில் எழுதியிருந்தேன்: தளி ஊரில் வைத்த 9 பைன் கன்றுகளின் ஊசியிலைகள் ஊதா பாய்ந்து நிற்கின்றன, வேர் அழுகலா என்று. இல்லை. இரண்டைப் பிடுங்கியே பார்த்துவிட்டேன், வேர் அழுகாமல் வெள்ளையாகத்தான் இருந்தது.

ஊதா நிறத்துக்குப் பனி மட்டும் காரணமில்லை. பனி இரவுக்கு அப்புறம் அடிக்கும் பளீர் வெயிலும் சேர்ந்துதான். குளிரிலும் பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் நொதிகள் மந்தமாகிவிடும். செலவாகாத ஒளியாற்றல் ஒளிச்சேர்க்கை அமைப்பையே பழுதாக்கும். ஊதா நிறமி அதற்குக் கன்று பிடிக்கும் குடை மாதிரி. மண் சில்லென்று இருந்தால் வேரும் தண்ணீரைச் சரியாக இழுக்காது, இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் குறையும். தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்றுதான் அதிகம் குளிரும். சாண் உயரக் கன்று நிற்பது அங்கேதான்.

யூரியா போடச் சொன்ன அண்ணா மன்னிக்கவும், போடவில்லை. கிழக்குப் பக்கம் மட்டும் நிழல்வலை கட்டினேன், காலை வெயில் நேராக விழாதபடி. மாசி நடுவில் 6 கன்றுகளில் பச்சை திரும்பிவிட்டது. ஒன்று இன்னும் நுனி கருகியே நிற்கிறது. பிடுங்கிய இரண்டு என் அவசரத்துக்குப் போனவை.